அப்டேட்டுக்குப் பிறகு எக்ஸ்டர்னல் டிரைவ் திறக்கவில்லையா? ஃபார்மட் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆகிறது. நேற்றுவரை செருகியதும் திறந்துகொண்ட எக்ஸ்டர்னல் டிரைவ் இன்று கண்ணிலேயே படவில்லை. அல்லது பெயர் மட்டும் தெரிகிறது; திறக்கப் போனால், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதில் கை தானாகப் போகிற பட்டன் 'ஃபார்மட் டிஸ்க்'. தொடாதீர்கள். 'கேன்சல்' கொடுங்கள்.

சிஸ்டம் அப்டேட் போய் எக்ஸ்டர்னல் டிரைவில் உள்ள ஃபைல்களை அழிப்பது அபூர்வம். அப்டேட் கைவைப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருப்பவற்றில்தான்: டிரைவர்கள், மின்சேமிப்பு அமைப்புகள், அனுமதிகள், டிரைவ் எழுத்து (டி, ஈ என்று விண்டோஸ் கொடுக்கும் அடையாளம்) ஒதுக்கீடு. அறுந்துபோவது இரண்டுக்கும் நடுவில் உள்ள தொடர்பு; டிரைவுக்குள் இருப்பது அநேகமாக அப்படியேதான் இருக்கும். டேட்டா உண்மையில் போவது அதற்கடுத்த பத்து நிமிடத்தில். பதறிய காரியம் சிதறும் என்பது இங்கே அப்படியே பலிக்கிறது.

அதனால் மூன்று பட்டன்களை நினைவில் வையுங்கள். விண்டோஸில் 'ஃபார்மட்', 'இனிஷியலைஸ்', மேக்கில் 'இரேஸ்'. எந்தப் பெட்டி எத்தனை முறை கேட்டாலும், காரணம் தெரியும்வரை இந்த மூன்றையும் அழுத்த வேண்டாம். தொடர்பு எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பதைக் கீழிருந்து மேலாகத் தேடுவோம்: கரண்ட், கேபிள், யுஎஸ்பி டிரைவர், பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம், கடைசியாக எழுத்தும் அனுமதியும். (டிரைவ் என்பது கையில் இருக்கும் பெட்டி, டிரைவர் என்பது அதோடு பேச கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கில் பிரித்துவைத்த ஒரு பகுதி, ஃபைல் சிஸ்டம் என்பது அதற்குள் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. கீழே இவை அடிக்கடி வரும்.)

முதலில் கேபிளும் கரண்டும்

அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறுக்குக் கேபிளை ஏன் பார்க்க வேண்டும்? அப்டேட் என்றால் ரீஸ்டார்ட். வாரக்கணக்கில் அணைக்காமல், ஸ்லீப்பில் மட்டும் போட்டு எடுத்த கம்ப்யூட்டர் அன்றுதான் முழுதாக அணைந்து எழுகிறது. அதோடு டிரைவும் நின்று மறுபடி சுழலத் தொடங்குகிறது. சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் ஹார்டு டிஸ்க் மிக அதிகமாகக் கரண்ட் இழுக்கும். நைந்த கேபிளும் தேய்ந்த மோட்டாரும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். பழி அப்டேட் மேல் விழும்.

கணக்கு இது. யுஎஸ்பி 2 போர்ட் முறைப்படி தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் இந்தக் கரண்டை மட்டும் நம்பியிருக்கிறது. தனி கரண்ட் இல்லாத ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றோடும் சேர்த்துச் செருகினால் பங்கு போதாது. 3.5 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். அதில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் முன்பக்கப் போர்ட் வேண்டாம். அது உள்ளே ஒரு நீள ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது.

இப்போது டிரைவின் மேல் விரலை வைத்துக் காதையும் பக்கத்தில் கொண்டுபோங்கள். மெல்லிய அதிர்வும் சீரான சுழற்சிச் சத்தமும் வந்தால் மோட்டார் ஓடுகிறது. 'டிக்' என்று எழ முயன்று, அடங்கி, சில நொடியில் மறுபடி 'டிக்' என்றால் முதல் சந்தேகம் கரண்ட் பற்றாக்குறை. வேறு கேபிளில், வேறு போர்ட்டில் பாருங்கள். கேபிளும் போர்ட்டும் மாற்றிய பிறகும் 'டக், டக், டக்' என்று தாளம் தப்பாமல் தட்டினால் உள்ளே படிக்கும் ஹெட் இடம் தெரியாமல் அலைகிறது. அங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள். அது மென்பொருளால் தீராது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டுகளில் கீறல் விழும் வாய்ப்பு கூடும்.

கேபிளின் முனையையும் பாருங்கள். பல ஹார்டு டிரைவ்களில் இருப்பது அகலமான, நடுவில் வெட்டு விழுந்த மைக்ரோ பி முனை. அதில் பெரிய பாதி பழைய யுஎஸ்பி 2 தொடர்பு, சிறிய பாதி யுஎஸ்பி 3 தொடர்பு. சற்று சாய்வாகச் செருகியிருந்தால் ஒரு பாதி மட்டும் தொடும். டிரைவ் வந்து வந்து மறையும், அல்லது ஆமை வேகத்தில் ஓடும். டைப் சி கேபிளில் வேறு சிக்கல்: சார்ஜுக்கு மட்டுமான கேபிளும் டேட்டா கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விளக்கு எரிந்தும் எதுவுமே வரவில்லை என்றால் டிரைவோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டிய இன்னொன்று: அப்டேட் ஆகாத வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவைச் செருகிப் பார்ப்பது. அங்கே திறந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான் என்பது உறுதி; முக்கியமான ஃபைல்களை அங்கேயே வேறிடத்துக்குக் காப்பி எடுத்துவிட்டு நிதானமாக மேலே போகலாம். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அப்டேட்டை மறந்துவிட்டு டிரைவையும் கேபிளையும் கவனியுங்கள்.

விண்டோஸில் முழுதாக அணைப்பது

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் 'ஷட் டவுன்' கொடுத்தால் கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்க்கில் சேமிக்கப்படும். மறுநாள் ஆன் செய்யும்போது அதே நிலை திரும்பவும் ஏற்றப்படும். குழம்பிப்போன யுஎஸ்பி டிரைவரும் அதே குழப்பத்தோடு எழுந்து வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் அப்படி நடக்காது, எல்லாம் புதிதாகத் தொடங்கும். முழுதாகவே அணைக்க வேண்டுமானால் ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள்.

டிரைவைக் கழற்றுங்கள், இப்படி முழுதாக அணையுங்கள், ஒரு நிமிடம் விடுங்கள், ஆன் செய்து டெஸ்க்டாப் முழுதாக வந்த பிறகு டிரைவைச் செருகுங்கள். சின்னக் குழப்பங்கள் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டும் உண்மை

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரியவில்லை என்பதற்காக டிரைவ் இல்லை என்று ஆகிவிடாது. எக்ஸ்ப்ளோரர் காட்டுவது எழுத்து பெற்ற டிரைவ்களை மட்டும். உண்மை நிலை தெரிய விண்டோஸ் சாவியோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி, வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' எடுங்கள். திறந்ததுமே 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல்.

ஜன்னலின் கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு சாம்பல் கட்டம். வலப்பக்கம் நீளப் பட்டைகள். டிரைவின் அளவை வைத்து உங்களுடையதை அடையாளம் காணுங்கள். 1 டெராபைட் என்று விற்ற டிரைவ் இங்கே 931 ஜிபி என்று தெரியும். குறைவு இல்லை, கணக்கிடும் முறை வேறு. இனி அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எல்லாம்.

பட்டையின் மேல் நீலக் கோடு, 'ஹெல்தி' என்ற சொல், ஆனால் எழுத்து இல்லை: நல்ல செய்தி. அப்டேட்டின்போது எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பட்டையில் வலது கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', பிறகு 'ஆட்'. எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டி, ஈ, எஃப் போன்ற முன்வரிசை எழுத்துகளைத் தவிர்த்து ஆர், எஸ் என்று பின்னால் போங்கள். முன்வரிசை எழுத்துகளைப் பென் டிரைவும் கார்டு ரீடரும் பிடித்துக்கொள்ளும். நெட்வொர்க் டிரைவுக்கு ஏற்கெனவே கொடுத்த எழுத்தும் எக்ஸ்டர்னல் டிரைவின் எழுத்தும் ஒன்றாகிப்போனால் எக்ஸ்டர்னல் டிரைவ் மறைந்துவிடும்; அப்போதும் இதே இடத்தில் எழுத்தை மாற்றினால் போதும்.

எழுத்து மாறிவிட்டால் வேறு ஒரு விளைவும் உண்டு. டிரைவ் திறக்கும், ஃபைல்கள் இருக்கும், ஆனால் புகைப்பட மென்பொருள் 'ஃபைல் காணவில்லை' என்னும்; பேக்கப் நின்றுபோயிருக்கும். அவை நினைவில் வைத்திருப்பது பழைய எழுத்தை. மென்பொருளுக்குள் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிக் கொடுப்பதைவிட டிரைவுக்கு அதன் பழைய எழுத்தையே திருப்பிக் கொடுப்பது எளிது.

இந்த எழுத்து விஷயத்தை மைக்ரோசாஃப்ட்டே ஒருமுறை தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டில், யுஎஸ்பி டிரைவோ எஸ்டி கார்டோ செருகியிருந்த கம்ப்யூட்டர்களுக்கு நிறுவலே மறுக்கப்பட்டது. நிறுவலின் நடுவில் டிரைவ்களின் ஒதுக்கீடு தவறாக மாறக்கூடும் என்பதுதான் காரணம். அதற்குச் சொல்லப்பட்ட வழி: கழற்றிவிட்டு அப்டேட் செய்யுங்கள்.

இடப்பக்கக் கட்டத்தில் 'ஆஃப்லைன்' என்று இருந்தால் அந்தச் சாம்பல் கட்டத்திலேயே வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால் இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருக்கும். விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். ஆன்லைன் கொடுத்தால் புது அடையாள எண் எழுதப்படும் என்பதால், அந்தக் குளோனிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்யும் (தொடங்கும்) எண்ணம் இருந்தால் கொடுக்க வேண்டாம்.

'ரா' என்று எழுதியிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். பார்ட்டிஷன் இருக்கிறது, அதன் ஃபைல் சிஸ்டம் விண்டோஸுக்குப் புரியவில்லை என்பதே இதன் பொருள். புரியாமல் போக நியாயமான காரணங்கள் உண்டு. மேக்கில் ஃபார்மட் செய்த டிரைவையும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 டிரைவையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. வரிசையின் தொடக்கத்தில் 200 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' ஒன்று இருந்தால் அது மேக்கில் ஃபார்மட் ஆன டிரைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மேக்கில் செருகினால் திறந்துகொள்ளும். வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளைப் போட்டுப் பூட்டிய பார்ட்டிஷனும் வெளியிலிருந்து பார்த்தால் 'ரா'தான். நல்ல டிரைவ்களே 'ஃபார்மட் செய்யவா?' பெட்டியில் ஓகே கொடுத்ததால் அழிந்திருக்கின்றன.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், விண்டோஸில்தான் பயன்படுத்தினேன், இப்போது 'ரா' என்கிறது என்றால் ஃபைல் சிஸ்டத்தின் தொடக்கப் பகுதி சேதமாகியிருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்திருக்கலாம். அந்த இடத்தில் செக்டர் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு துண்டு) பழுதாகியிருக்கலாம். மீட்கும் வழி கீழே வருகிறது.

கறுப்புக் கோடும் 'அனலொகேட்டட்' என்ற சொல்லும் இருந்தால் பார்ட்டிஷன் அட்டவணை படிக்கப்படவில்லை. புதிதாகப் பார்ட்டிஷன் உருவாக்க வேண்டாம். 'நோ மீடியா' என்று வந்தாலோ அளவே காட்டாவிட்டாலோ, பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி சிப் பதில் சொல்கிறது, அதற்குப் பின்னால் உள்ள டிஸ்க் பேசவில்லை என்று அர்த்தம். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இல்லையென்றால்

ஒருமுறை 'ஆக்‌ஷன்' மெனுவில் 'ரீஸ்கேன் டிஸ்க்ஸ்' கொடுங்கள். வரவில்லையா, டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். அதே விண்டோஸ் சாவி, எக்ஸ் பட்டியலில்தான் இருக்கிறது. 'டிஸ்க் டிரைவ்ஸ்', 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்', 'ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்' மூன்றையும் விரித்துவைத்து, டிரைவைக் கழற்றிச் செருகுங்கள். பட்டியல் ஒருமுறை துள்ளி மறுபடி வரைந்துகொண்டால் கம்ப்யூட்டர் எதையோ உணர்கிறது. அசையவே இல்லை என்றால் கேபிள், போர்ட் பகுதிக்குத் திரும்புங்கள்.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை டபுள் கிளிக் செய்து எண்ணைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவே இல்லை. கோட் 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. கோட் 43 என்றால் சாதனமே தனக்குக் கோளாறு என்று சொல்லிவிட்டதால் விண்டோஸ் நிறுத்திவைத்திருக்கிறது. கேபிள், கரண்ட், டிரைவர் மூன்றில் எதனாலும் இது வரலாம்.

தீர்க்கும் வரிசை: அந்தச் சாதனத்தில் வலது கிளிக், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்', டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட், பிறகு செருகுங்கள். விண்டோஸ் டிரைவரைப் புதிதாக ஏற்றிக்கொள்ளும். டிரைவில் உள்ள ஃபைல்களுக்கு இதனால் எதுவும் ஆகாது. பலன் இல்லையென்றால் கம்ப்யூட்டர் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளர் தளத்திலிருந்து சிப்செட் டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அப்டேட் அந்த டிரைவரை மாற்றியிருந்தால் 'டிரைவர்' தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தக்கூடியதாக இருக்கும். மங்கலாக இருந்தால் திரும்பிப்போகப் பழைய பதிப்பு இல்லை.

இன்னொரு வகை அப்டேட் கோளாறு கண்டுபிடிக்கச் சிரமமானது. டிரைவ் வரும், பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது வேகம் பூஜ்யத்துக்குப் போய், சற்று உறைந்து, டிரைவ் மறைந்து, மறுபடி வரும். புது டிரைவ்கள் பல 'யுஏஎஸ்' என்னும் வேகமான முறையில் பேசுகின்றன. சில யுஎஸ்பி சிப்கள் அந்த முறையைச் சரியாகக் கையாள்வதில்லை. ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியில் 'யுஎஸ்பி அட்டாச்டு எஸ்சிஎஸ்ஐ மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ்' என்று இருப்பதில் வலது கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', 'லெட் மீ பிக்' என்று போய், பட்டியலில் சாதாரண 'யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸ்' தேர்ந்தெடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். அறுபடாமல் ஓடினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

சும்மா இருக்கும்போது மட்டும் மறைந்து போகிறது என்றால் மின்சேமிப்பைப் பாருங்கள். பெரிய அப்டேட்டுகளில் பவர் பிளான் பழைய இயல்புநிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பிளானின் 'அட்வான்ஸ்டு' அமைப்புகள், அதற்குள் யுஎஸ்பி செட்டிங்ஸ், 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யுஎஸ்பி ரூட் ஹப்'பிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

பூட்டும் அனுமதியும்

டிரைவில் பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர், விண்டோஸின் குறியாக்கப் பூட்டு. பாஸ்வேர்டு மறந்திருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். திரையில் தெரியும் 'கீ ஐடி'யின் முதல் 8 எழுத்துகளை, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ அச்சிட்டு வைத்த தாளிலோ உள்ள ஐடியுடன் ஒப்பிட்டுச் சரியான கீயை எடுங்கள். கீ எங்கேயும் இல்லையென்றால் உள்ளே போக வழி கிடையாது. அப்படி வழி இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

விண்டோஸைப் புதிதாகவே நிறுவியிருந்தால் 'ஆக்சஸ் டினைடு' வரலாம். பழைய நிறுவலில் இருந்த பயனர் கணக்கும் இப்போதைய கணக்கும், பெயர் ஒன்றாக இருந்தாலும், விண்டோஸுக்கு இரு வேறு ஆட்கள். ஃபோல்டரில் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு', மேலே 'ஓனர்' வரியில் 'சேஞ்ச்'. உங்கள் கணக்கைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தும் டிக்கையும் போடுங்கள். லட்சக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் நேரமாகும்; நடுவில் கழற்றாதீர்கள்.

ரவுட்டரில் செருகிய டிரைவ் அப்டேட்டுக்குப் பிறகு மறைந்தால் கதை வேறு. பழைய ரவுட்டர்கள் பல, நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1இல் மட்டும் பேசும். விண்டோஸ் 10இன் 2017 இறுதிப் பதிப்பிலிருந்து புது நிறுவல்களில் அது வருவதில்லை, அல்லது பயன்படுத்தாமல் விட்டால் தானாக நீங்கிவிடும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. புரோ பதிப்பில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. ரவுட்டரின் ஃபர்ம்வேரை (அதன் உள்மென்பொருளை) புதுப்பித்து, பகிர்வுக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். எஸ்எம்பி 1ஐ மறுபடி இயக்குவது பாதுகாப்பில் ஓட்டை போடுவது, பரிந்துரைக்க மாட்டோம்.

மேக்கில்

ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்கில் வெஞ்சுரா பதிப்பிலிருந்து, புதிதாகச் செருகும் சாதனத்தை அனுமதிக்கவா என்று மேக் கேட்கும். அந்தக் கேள்வி கவனிக்காமல் போனாலோ மறுப்பு அழுத்திவிட்டாலோ டிரைவ் கரண்ட் வாங்கும், டேட்டா பேசாது. சிஸ்டம் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', கீழே 'அலவ் அக்சஸரீஸ் டு கனெக்ட்' என்பதைப் பாருங்கள். திரை பூட்டியிருக்கும்போது செருகாமல், திறந்த பிறகு செருகுங்கள்.

ஃபைண்டரில் தெரியாவிட்டால் ஃபைண்டர் செட்டிங்ஸில் 'எக்ஸ்டர்னல் டிஸ்க்ஸ்' டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து 'வியூ' மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' கொடுங்கள். பெயர் மங்கலாக இருந்தால் அதைத் தேர்ந்து 'மவுன்ட்' (டிரைவை இணைத்துத் திறக்கும் கட்டளை). மவுன்ட் ஆகாவிட்டால் 'ஃபர்ஸ்ட் எய்ட்'. அதை உள்ளிருந்து வெளியே ஓட்ட வேண்டும்: முதலில் வால்யூம், பிறகு கன்டெய்னர், கடைசியில் மேல்வரியில் உள்ள டிரைவ்.

எக்ஸ்ஃபேட் (விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய ஃபைல் சிஸ்டம்) டிரைவுக்கு இங்கே பொறுமை வேண்டும். சரியாக எஜெக்ட் செய்யாமல் கழற்றிய எக்ஸ்ஃபேட் டிரைவைச் செருகியதும் மேக் பின்னணியில் சத்தமில்லாமல் சோதனை ஓட்டும். அது முடியும்வரை டிரைவ் வராது. சில டெராபைட் டிரைவில் மிக நீண்ட நேரம் ஆகலாம். 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்து தேடும் பெட்டியில் எக்ஸ்ஃபேட் என்று தட்டுங்கள். எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் டிரைவ் சாகவில்லை, பரிசோதனையில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். நடுவில் பிடுங்கினால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும்.

என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) டிரைவில் நேற்றுவரை எழுத முடிந்தது, அப்டேட்டுக்குப் பிறகு படிக்க மட்டும் முடிகிறதா? மேக் தானாக என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுவதில்லை. எழுத வைத்தது நீங்கள் நிறுவிய தனி மென்பொருள். பெரிய அப்டேட்டில் அதன் சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் முடங்கியிருக்கும். புதிய மேக் பதிப்புக்கான வெளியீட்டை நிறுவி, பிரைவசி பகுதியில் அனுமதி கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபைண்டரில் ஃபைல்கள் தெரிகின்றன, குறிப்பிட்ட ஒரு மென்பொருள் மட்டும் ஃபோல்டர் காலி என்கிறது என்றால், பிரைவசி பகுதியில் 'ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' எடுத்து, அந்த மென்பொருளின் கீழ் 'ரிமூவபிள் வால்யூம்ஸ்' இயக்குங்கள். 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து இந்த அனுமதி தனியாக வேண்டியிருக்கிறது.

லினக்ஸில்

கெர்னல் 5.15 முதல் என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. அப்டேட்டுக்குப் பிறகு சிஸ்டம் அதற்கு மாறியிருந்தால், சுத்தமாக மூடப்படாத டிரைவை மவுன்ட் செய்ய மறுக்கும். டிரைவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, பிழைச் சோதனை ஓட்டி, முறையாக எஜெக்ட் செய்து கொண்டுவருவதே பாதுகாப்பான தீர்வு. மவுன்ட் பட்டியல் ஃபைலில் எஸ்டிபி, எஸ்டிசி என்று சாதனப் பெயர் எழுதியிருந்தால் அது மாறக்கூடியது; யுயுஐடி (பார்ட்டிஷனுக்கு உரிய மாறாத அடையாள எண்) எழுதுங்கள், கூடவே நோஃபெயில் விருப்பத்தையும் சேருங்கள். இல்லையேல் டிரைவ் செருகாத நாளில் பூட் ஆவதே சிக்கிக்கொள்ளும்.

சரிசெய்யும் முன் காப்பி

விண்டோஸில் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், 'டூல்ஸ்', 'செக்' என்ற சோதனை நல்ல கருவிதான். ஆனால் அது டிரைவில் எழுதும். ஃபைல் சிஸ்டம் சேர்ந்து வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் ஃபைல் பிழைக்க வேண்டும் என்பது அடுத்தபட்சம். பொருந்தாத துண்டுகளை வெட்டி 'ஃபவுண்டு' என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவிடும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் அதை ஓட்டினால் மணிக்கணக்கில் முழு டிஸ்க்கையும் உழுது, மீதமிருந்த உயிரையும் எடுத்துவிடும்.

அதனால் முதலில் ஸ்மார்ட் பதிவை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி போதும். ஹார்டு டிஸ்க்கில் பார்க்க வேண்டியவை 5, 197, 198. முதலாவது மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டர்கள், இரண்டாவது சந்தேகத்தில் நிற்பவை, மூன்றாவது படிக்கவே முடியாதவை. கிரிஸ்டலில் எண்கள் பதினாறடிமான முறையில் வருவதால் 197 அங்கே சி5 என்றும் 198 சி6 என்றும் தெரியும். இவற்றின் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சோதனை எதுவும் வேண்டாம், காப்பி மட்டும். 199 ஏறினால் அது பெரும்பாலும் இணைப்பின் கோளாறு.

டிரைவ் திறக்கும் நிலையில் இருந்தால், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: புகைப்படங்கள், ஆவணங்கள். திரும்ப இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமாக்கள் கடைசியில். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். யுஎஸ்பி 2 வேகத்தில் 8 மணி நேரம். மடிக்கணினி தூங்கிப்போகாமல் சார்ஜரில் வையுங்கள்.

'ரா' அல்லது 'அனலொகேட்டட்' ஆன டிரைவுக்கு, அதே அளவோ கூடுதலோ உள்ள இன்னொரு டிரைவில் முழுப் பிரதி எடுங்கள். லினக்ஸின் டிடிரெஸ்க்யூ இதற்கு ஏற்றது. படிக்க முடியாத இடங்களை விட்டுவிட்டு நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்ளும், எங்கே விட்டது என்று மேப் ஃபைலில் குறித்துவைக்கும். பிறகு அந்தப் பிரதியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை ஓட்டிப் பார்ட்டிஷனைத் தேடுங்கள். அதில் வராவிட்டால் ஃபோட்டோரெக் ஃபைல்களை மட்டும் தனியாக உருவி எடுக்கும். பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் கிடைக்காது. மீட்ட ஃபைல்களை எந்தக் காரணத்துக்காகவும் அதே டிரைவில் சேமிக்காதீர்கள்.

தவறிப்போய் ஃபார்மட் கொடுத்துவிட்டீர்களா? ஹார்டு டிஸ்க்கில் 'குவிக் ஃபார்மட்' என்றால் அட்டவணை மட்டும் புதிதாகியிருக்கும், பழைய டேட்டா பெரும்பாலும் அடியில் கிடக்கும்; உடனே கழற்றி வையுங்கள், ஒரு ஃபைல்கூட எழுதாதீர்கள். எஸ்எஸ்டியில் நிலைமை கடினம். ஃபார்மட்டோடு 'டிரிம்' கட்டளையும் போயிருந்தால், காலியான இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும்.

பெட்டியை உடைத்து டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் யோசனை வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சில டிரைவ்களில் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும் யுஎஸ்பி சிப் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் எழுதும். அந்தச் சிப் இல்லாமல் டிஸ்க்கைப் படித்தால் வெறும் குப்பையாகத் தெரியும். இன்னும் சிலவற்றில் யுஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். கம்ப்யூட்டரில் மாட்டத் தேவையான சாட்டா முனையே இருக்காது.

எதுவும் ஆகாவிட்டால் அப்டேட்டைத் திருப்புவது

வேறு கம்ப்யூட்டரில் டிரைவ் நன்றாக ஓடுகிறது, உங்களுடையதில் டிரைவர் வேலைகள் எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் மட்டும் இது. மாதாந்திர அப்டேட் என்றால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், 'அப்டேட் ஹிஸ்டரி', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், 'ரெக்கவரி', 'கோ பேக்'. இதற்கு இயல்பாகக் கிடைக்கும் அவகாசம் 10 நாள், அதற்குள் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்திருக்கவும் கூடாது. மேக்கில் இப்படி ஒரு பட்டன் கிடையாது. முழுதாக அழித்துப் பழைய பதிப்பை நிறுவ வேண்டும் என்பதால் அடுத்த சிறு அப்டேட்டுக்குக் காத்திருப்பதே பெரும்பாலும் மேல்.

திருப்பும் வேலை நடக்கும்போதும் எக்ஸ்டர்னல் டிரைவ் எதுவும் செருகியிருக்கக் கூடாது. நடுவில் கம்ப்யூட்டர் சில தடவை ரீஸ்டார்ட் ஆகும். பயாஸில் (கம்ப்யூட்டர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசை இருக்கும் இடம்) யுஎஸ்பி முதலாவதாக இருந்தால் டிரைவிலிருந்து பூட் ஆக முயன்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். எல்லாம் முடிந்து டெஸ்க்டாப் வந்த பிறகு, பின்பக்கப் போர்ட்டில், டிரைவோடு வந்த கேபிளில் செருகுங்கள்.